பல்லி முட்டையும் பங்குனி ஆமையும்

ராயபுரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டில், காலண்டருக்குப் பின்னால் பல்லி இட்ட இரண்டு முட்டைகளைத் தீப்பெட்டியில் பஞ்சு வைத்துக் காத்தேன். தினம் நாலு தடவை புரட்டிப் பார்ப்பேன். பொரியவில்லை. "இட்ட இடத்திலே விட்டிருந்தா பொரிஞ்சிருக்குமேடா!" என்றாள் பாட்டி.

பங்குனி ஆமைக்கும் இதே நியாயந்தான். ஆனால் அதற்கு இடம் வேண்டுமே! 1875-ல் சென்னைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். தெற்கேயிருந்து வடக்கே நகரும் கடல்மணலை அதன் சுவர்கள் தடுத்தன. மெரினா அகன்றது, ராயபுரம், திருவொற்றியூர்க் கரையைக் கடல் தின்றது. மிஞ்சியது கருங்கல் கொட்டிய கரை. ஆமை எங்கே குழி தோண்டும்?

மணல் இருந்த தெற்குக் கரையிலோ நாய்க்கும் முட்டைத் திருடருக்கும் பயம். 1970-களின் முற்பகுதியில் ராமுலஸ் விட்டேக்கரும் நண்பர்களும் இரவெல்லாம் கரையோரம் நடந்து முட்டைகளைச் சேகரித்தார்கள்; புரட்டாமல் கொண்டுவந்து வேலியிட்ட மணலில் புதைத்தார்கள். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேலும் இருக்கும். 45 முதல் 60 நாளில் குஞ்சு. மணலில் சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். பல்லிகளிலும் சில வகைக்கு இந்தக் கணக்கு உண்டு.

பாட்டி சொன்னது சரி. ஆனால், இட்ட இடத்தையே பறித்துக்கொண்ட நாம், முட்டையையாவது காத்துக் கொடுக்க வேண்டாமா?