பிரெயில் எழுத்து: வரலாறும் மொழி வேறுபாடுகளும்

பார்வையற்றோர் விரல் நுனியால் தடவிப் படிக்கும் புடைப்புள்ளி எழுத்துமுறையே பிரெயில் ஆகும்.

பிரான்சு நாட்டின் கூவ்ரே என்னும் ஊரில் 1809-இல் பிறந்த லூயி பிரெயில், மூன்று வயதில் தந்தையின் தோல் பட்டறையில் நேர்ந்த விபத்தால் பார்வையை இழந்தார். சார்லஸ் பார்பியே என்ற படை அதிகாரியின் பன்னிரண்டு புள்ளி முறை விரல் நுனிக்குள் அடங்கவில்லை. அதைச் சுருக்கி, 1824-இல் தமது 15-ஆம் வயதில் ஆறு புள்ளி முறையை வகுத்தார். 1829-இல் அது நூலாக வெளிவந்தது.

இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்பக்கம் 4, 5, 6 எனப் புள்ளிகள் எண்ணப்படும். இவற்றால் 63 குறிகளை அமைக்கலாம். ஒரு குறி எதைச் சுட்டுகிறது என்பது மொழிக்கு மொழி மாறும். அச்சில் வலமிருந்து இடமாகச் செல்லும் அரபு மொழி, பிரெயிலில் இடமிருந்து வலமாகச் செல்கிறது. சீன பிரெயில், சித்திர எழுத்தை விடுத்து ஒலியையே குறிக்கிறது.

இந்தியாவில் தொடக்கத்தில் பல பிரெயில் முறைகள் வழங்கின. ஒன்றைக் கற்றவரால் மற்றொன்றில் அச்சான நூலைப் படிக்க இயலவில்லை. இக்குறையைப் போக்க, யுனெஸ்கோவின் துணையுடன் 1951-இல் பாரதி பிரெயில் என்னும் பொதுமுறை ஏற்கப்பட்டது. இதன்படி தமிழ் 'க', இந்தி 'க' இரண்டுக்கும் 1, 3 ஆகிய புள்ளிகளே குறி. ஆங்கில 'கே' எழுத்துக்கும் அதுவே. அச்சில் 'கெ' எழுதும்போது கொம்பு முன்னே நிற்கும். பிரெயிலிலோ 'க' முதலிலும் 'எ' அடுத்தும், ஒலிக்கும் வரிசையிலேயே வரும்.

ஆகவே தமிழ் பிரெயில் கற்ற மாணவர் வேறோர் இந்திய மொழியைப் பயிலும்போது, கண்பார்வையுள்ள மாணவரைப்போல் புதிய எழுத்து வடிவங்களை முதலிலிருந்து கற்க வேண்டியதில்லை.