சேலத்தில் இயங்கிய சினிமா ஃபேக்டரி: மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம் செய்தது என்ன?

சேலத்திலிருந்து ஏற்காடுக்கு பஸ்ஸில் போனவர்கள் இதைப் பார்த்திருப்பீங்க. சாலையோரம் தனியாக நிற்கும் ஒரு பழைய நுழைவு வளைவு. அதில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பெயர். பெயரைப் பார்த்துட்டு, 'ஏதோ இடிச்ச சினிமா கொட்டகை போல' என்று நினைப்பவர்கள் இப்பவும் உண்டு.

ஆனால் அது தியேட்டர் கிடையாது. 100-க்கும் மேற்பட்ட படங்கள் தயாரான ஸ்டூடியோவின் வாசல் அது. மலையாளத்தின் முதல் பேசும் படம், தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் என்று பல 'முதல்'கள் இந்த நிறுவனத்தின் கணக்கில்தான் வருகின்றன. 2023-ம் ஆண்டு இறுதியில், வளைவு நிற்கும் இடம் தொடர்பான சர்ச்சையால் இந்தப் பெயர் மறுபடியும் செய்திகளில் அடிபட்டது.

சென்னையே இல்லாமல், சேலத்தில் இருந்துகொண்டே ஒருவர் இதை எப்படி நடத்தினார்? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த டி.ஆர்.சுந்தரம்?

திருச்செங்கோடு ராமலிங்கம் சுந்தரம். அதன் சுருக்கம்தான் டி.ஆர்.சுந்தரம். 1907-ல் ஜவுளி வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். இங்கிலாந்தில் உள்ள லீட்ஸ் நகருக்குப் போய் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தார்.

அதாவது, படித்தது நூலும் துணியும். பின்னாளில் செய்தது சினிமா. இந்த இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கு. ஒரு மில்லில் பருத்தி ஒரு பக்கம் உள்ளே போகும், துணி இன்னொரு பக்கம் வெளியே வரும். ஷிஃப்ட் உண்டு, கணக்கு உண்டு, மேற்பார்வை உண்டு. சுந்தரம் தன் ஸ்டூடியோவையும் ஏறக்குறைய அப்படித்தான் நடத்தினார்.

ஏன் சேலம்?

தமிழ் பேசிய முதல் படமான 'காளிதாஸ்' 1931-ல் வெளியானது. ஆனால் அது எடுக்கப்பட்டது பம்பாயில். அப்போது தென்னிந்தியாவில் ஒலிப்பதிவு வசதியுள்ள ஸ்டூடியோவே கிடையாது. தமிழ்ப் படம் எடுக்கணும்னா நடிகர்கள், பாடகர்கள், பக்கவாத்தியக்காரர்கள் என்று எல்லோரையும் ரயில் ஏற்றி பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ கூட்டிப்போக வேண்டும். தங்கும் செலவு, சாப்பாட்டுச் செலவு எல்லாம் தயாரிப்பாளர் தலையில்.

சென்னையில் முதல் பேசும்பட ஸ்டூடியோ 1934-ல்தான் வந்தது. அதற்கு அடுத்த வருஷம், 1935-ல் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார் சுந்தரம். சினிமாவுக்கு இதுதான் ஊர் என்று எதுவும் முடிவாகாத காலம் அது. கோவையிலும் பெரிய ஸ்டூடியோக்கள் இருந்தன. எல்லாமே கோடம்பாக்கம் என்று ஆனது பிறகுதான்.

முதல் படம் 'சதி அகல்யா' 1937-ல் வந்தது.

ஸ்டூடியோ சிஸ்டம்னா என்ன?

இன்று ஒரு தயாரிப்பாளர் படம் எடுக்க வேண்டும் என்றால் ஹீரோ, இயக்குநர், கேமராமேன், எடிட்டர் என்று ஒவ்வொருவரையும் அந்தப் படத்துக்காக மட்டும் ஒப்பந்தம் செய்கிறார். படம் முடிந்தால் அந்தக் குழு கலைந்துவிடும்.

அன்றைய ஸ்டூடியோ முறை அப்படி இல்லை. படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவுக்கூடம், ஃபிலிம் கழுவும் லேப், எடிட்டிங் அறை எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கும். கதாசிரியர், இசைக்குழு, தச்சர், தையல்காரர், ஒப்பனைக்காரர், நடிகர்கள் எனப் பலரும் மாதச் சம்பளக்காரர்கள். ஒரு படத்தின் செட்டைப் பிரிக்கும்போதே அடுத்த படத்தின் கதை ரெடியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சும்மா உட்கார வைத்துச் சம்பளம் கொடுக்க வேண்டியிருக்கும்.

இந்த முறையில் தயாரிப்பாளர் என்பவர் பணம் போடுபவர் மட்டும் அல்ல. எந்தக் கதை, யார் நடிப்பது, எத்தனை நாள், எவ்வளவு ஃபிலிம் என்று எல்லா முடிவும் அவருடையது. சுந்தரம் இன்னும் ஒரு படி மேலே போய், பல படங்களை அவரே இயக்கினார். நேரம் தவறாமை, கண்டிப்பு இரண்டுக்கும் சேலம் ஸ்டூடியோ பேர்போனது.

சேலம் தந்த 'முதல்'கள்

1938: 'பாலன்'. மலையாளத்தின் முதல் பேசும் படம். இயக்கியவர் எஸ்.நொட்டானி. கேரளத்தில் ஸ்டூடியோ இல்லாத காலத்தில் இதைத் தயாரித்தது சேலம்.

1940: 'உத்தமபுத்திரன்'. பி.யு.சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்த படம். தமிழில் ஹீரோ இரட்டை வேடத்துக்கு இதுதான் தொடக்கம். இயக்கம் சுந்தரம்.

1952: 'தி ஜங்கிள்'. அமெரிக்க நிறுவனத்துடன் சேர்ந்து தயாரித்த ஆங்கிலப் படம். ஹாலிவுட் நடிகர்கள் இங்கே வந்து நடித்தார்கள்.

1956: 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம்.

1961: 'கண்டம் பெச்ச கோட்டு'. மலையாளத்தின் முதல் முழுநீள வண்ணப் படம். இயக்கம் சுந்தரம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கு. ஒரு மொழியின் முதல் பேசும் படத்தையும், அதே மொழியின் முதல் வண்ணப் படத்தையும் தயாரித்தது ஒரே நிறுவனம். அதுவும் அந்த மொழி பேசாத ஊரில் இருந்த நிறுவனம்.

போர் வந்தபோது என்ன ஆச்சு?

இரண்டாம் உலகப்போரின்போது கச்சா ஃபிலிமுக்குக் கடும் தட்டுப்பாடு. எல்லாம் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரவேண்டிய சரக்கு. ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று பிரிட்டிஷ் அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. நாற்பது, ஐம்பது பாட்டுகளுடன் மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடிய தமிழ்ப் படங்கள் சுருங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

போருக்கு ஆதரவாகப் படம் எடுங்கள் என்ற நெருக்கடியும் தயாரிப்பாளர்களுக்கு இருந்தது. அப்படி வந்ததுதான் 1945-ன் 'பர்மா ராணி'. ஜப்பானியர் பிடியில் இருந்த பர்மாதான் கதைக்களம். இதில் ஜப்பான் ராணுவ அதிகாரியாக நடித்தவர் வேறு யாருமில்லை, முதலாளி சுந்தரமேதான்.

பிற்கால முதல்வர்கள் கடந்து போன வாசல்

தமிழக அரசியலுக்கும் இந்த ஸ்டூடியோவுக்கும் உள்ள தொடர்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1947-ல் வந்த 'ஆயிரம் தலை வாங்கி அபூர்வ சிந்தாமணி' படத்தின் நாயகி வி.என்.ஜானகி. 1950-ல் வந்த 'மந்திரி குமாரி'யின் கதை, வசனம் மு.கருணாநிதி. ஹீரோ எம்.ஜி.ஆர். மூன்று பேருமே பிற்காலத்தில் தமிழக முதல்வர்கள்.

'மந்திரி குமாரி'யை இயக்கத் தொடங்கியவர் அமெரிக்கரான எல்லிஸ் ஆர்.டங்கன். அவர் பாதியில் ஊர் திரும்ப, மீதிப் படத்தை சுந்தரமே முடித்தார். இயக்குநர் போய்விட்டார் என்பதற்காக ஸ்டூடியோ நிற்காது. ஃபேக்டரி என்று சொல்வது இதனால்தான்.

பாட்டை விட வசனத்துக்குக் கைதட்டல் கிடைத்த காலம் அது. அந்த மாற்றத்தை சுந்தரம் சீக்கிரமே கவனித்தார். 'மந்திரி குமாரி'க்குப் பிறகு, சிவாஜி கணேசன் நடித்த 'திரும்பிப்பார்' படத்துக்கும் கருணாநிதிதான் வசனம். அதே 1950-ல், பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்' காவியத்தை 'பொன்முடி' என்ற பெயரில் படமாக்கியதும் இதே நிறுவனம்தான்.

சரி, அப்புறம் ஏன் மூடினார்கள்?

ஒரே நாளில் மூடவில்லை. மெல்ல மெல்லத்தான் தேய்ந்தது.

முதல் காரணம், நட்சத்திரங்கள். 1950-களின் நடுவில் எம்.ஜி.ஆர்., சிவாஜி இருவரும் பெரிய ஹீரோக்கள் ஆகிவிட்டார்கள். ஒரே நேரத்தில் பல கம்பெனி படங்கள். அவர்கள் கொடுக்கும் கால்ஷீட்டைப் பொறுத்துதான் படப்பிடிப்பே. ஸ்டூடியோ மணி அடித்தால் நடிகர் வந்து நிற்பது என்ற முறை இதோடு முடிந்தது.

இரண்டாவது, சென்னை. ஏ.வி.எம். நிறுவனம் காரைக்குடியிலிருந்து கோடம்பாக்கத்துக்கு மாறியது 1948-லேயே நடந்துவிட்டது. நடிகர்கள், இசைக்கலைஞர்கள், விநியோகஸ்தர்கள் எல்லோரும் சென்னைவாசிகள் ஆன பிறகு, சேலம் வந்து போவது ஒவ்வொருவருக்கும் கூடுதல் வேலை. 30-களில் சேலத்துக்கு லாபமாக இருந்த தூரம், 60-களில் பாரமாகிவிட்டது.

மூன்றாவது, மாதச் சம்பளம். வருஷத்துக்கு இத்தனை படம் என்று ஓடினால்தான் அந்தக் கணக்கு கட்டுப்படியாகும். படங்கள் குறைந்தாலும் சம்பளப் பட்டியல் குறையாது. மாடர்ன் தியேட்டர்ஸ் மட்டும் இல்லை, பெரிய ஸ்டூடியோக்கள் பலவும் தடுமாறியது இந்த இடத்தில்தான்.

நான்காவது, சுந்தரத்தின் மறைவு. 1963-ல் அவர் காலமானார். அவருக்குப் பிறகு மகன் நிறுவனத்தை நடத்தினார். 'வல்லவனுக்கு வல்லவன்', ஜெய்சங்கர் நடித்த 'இரு வல்லவர்கள்', 'சி.ஐ.டி. சங்கர்' என்று துப்பறியும் படங்களும் சண்டைப் படங்களும் வந்தன, ஓடவும் செய்தன. ஆனாலும் கதை முதல் கணக்கு வரை எல்லா முடிவையும் ஒருவரே எடுத்துப் பழகிய நிறுவனம் அது. பழைய வேகம் திரும்பவில்லை.

இப்போ என்ன மிச்சம்?

ஸ்டூடியோ இருந்த இடத்தில் இன்று குடியிருப்புகள். தளங்கள் இல்லை, லேப் இல்லை. நிற்பது அந்த வளைவு மட்டும்தான். செல்ஃபி எடுக்க வருபவர்களில் பலருக்கு அது எந்த இடத்தின் வாசல் என்றே தெரியாது.

பழைய படங்கள் என்றாலே நமக்கு ஹீரோவும் பாட்டும்தான் ஞாபகத்துக்கு வரும். செட் போட்ட தச்சருக்கும் லேப்பில் ஃபிலிம் கழுவியவருக்கும் ஒன்றாம் தேதி சம்பளம் கொடுத்து, அடுத்த படத்தையும் கையில் வைத்திருந்த ஆளை யாரும் நினைப்பதில்லை. அடுத்த முறை டிவியில் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' போட்டால், டைட்டில் கார்டைக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. டைரக்‌ஷன் என்ற இடத்தில் டி.ஆர்.சுந்தரம் பெயர் வரும். ஏற்காடு ரோட்டில் நிற்பது அவர் ஸ்டூடியோ வாசல்தான்.