முறைக்காய்ச்சலும் உடலின் உடன்படிக்கையும்

புதுச்சேரியில் 'சொல்தா வீடு' என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனம் சென்று, ஓய்வூதியத்தோடு திரும்பியவரின் வீடு அது. எங்கள் வீடும் அத்தகையதே. என் பாட்டனார் தொங்க்கின் மலைப்புறங்களில் சில ஆண்டுகள் காவல் இருந்தவர். திண்ணையில் அமர்ந்து அவர் சொன்ன கதைகளுள் ஒன்றை மட்டும் நாங்கள் நம்பியதே இல்லை.

"முதல் வருஷம் குளிர்காய்ச்சல் என்னைப் படுக்கையிலே போட்டுவிட்டதடா. மூன்றாம் வருஷம் துப்பாக்கியும் கையுமாகப் பாரா நின்றுகொண்டிருந்தேன். விரலைக் குத்திப் பார்த்த டாக்டர், 'இரத்தத்தில் பூச்சி இருக்கிறது, நீ எப்படியப்பா நிற்கிறாய்?' என்று கேட்டார்" என்பார். நாங்கள் சிரிப்போம். படைவீரர்கள் தம் வீரத்தைச் சற்றுக் கூட்டிச் சொல்வது உலக வழக்கம் அல்லவா?

அவர் மறைந்து பல ஆண்டுகள் கழிந்தபின், மலேரியாவின் வரலாற்றைப் படித்தபோதுதான், பாட்டனார் சொன்னதில் பொய் இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

1880-ஆம் ஆண்டில் அல்ஜீரியாவிலே, கான்ஸ்டன்டைன் நகரத்து இராணுவ மருத்துவமனையில், லவெரான் என்னும் பிரெஞ்சு மருத்துவர் நோயாளியின் குருதியில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். அது சிவப்பணுவுக்குள் பெருகி, அணுவை வெடித்துக்கொண்டு வெளிப்படும் வேளையும், நோயாளிக்குக் குளிர் எடுக்கும் வேளையும் ஒன்றே என இத்தாலியரான கோல்ஜி காட்டினார். 1897-இல் சிக்கந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் அவ்வொட்டுண்ணியைக் கண்ட கதை பள்ளிச் சிறுவரும் அறிந்தது. ஆயின் ஒரே கிருமி ஒருவனை ஏன் வீழ்த்துகிறது, மற்றொருவனை ஏன் நடமாட விடுகிறது என்ற வினா அப்பொழுதும் எஞ்சியே நின்றது.

நூற்றாண்டின் திருப்பத்தில் ஜாவாவிலும் நியூகினியிலும் சுற்றிய ராபர்ட் கோக், குழந்தைகளின் குருதியில் ஒட்டுண்ணிகள் நிறைந்திருப்பதையும், அவ்வூர்ப் பெரியோர்களிடம் அவை அருகியிருப்பதையும் கண்டார். நம் நாட்டில் சிங்பூம் பகுதியை ஆராய்ந்த கிறிஸ்டோபர்ஸ் 1924-இல் இதையே விரிவாக எழுதினார். அதே ஆண்டில் அல்ஜியர்ஸில் எத்மோன் செர்ழானும் அவருடைய தோழர்களும் இந்நிலைக்கு 'பிரெமுனிசியோன்' என்று பெயர் வைத்தனர். அம்மை ஒருமுறை கண்டு தேறியவனுக்கு அது மீண்டும் வருவதில்லை. மலேரியாவிலோ பாதுகாப்பு அவ்வாறன்று. உள்ளே சிறிதளவு தொற்று தங்கியிருக்கும் வரையில்தான் அது நீடிக்கும் என்பது அவர்கள் கருத்து. பகைவனை ஊரைவிட்டு விரட்டாமல், வாயிற்புறத்தில் அடக்கி வைத்திருக்கும் உடன்படிக்கை போன்றது அது.

இவ்வுடன்படிக்கைக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. ஒன்று தாக்குதல். 1961-இல் காம்பியாவிலே, நோய்க்குப் பழகிய பெரியோர்களின் குருதியிலிருந்து எடுத்த காமா குளோபுலினைக் காய்ச்சலுற்ற குழந்தைகளுக்குச் செலுத்தினர். ஒட்டுண்ணிகள் வெகுவாகக் குறைந்தன. பெரியோர் குருதியில் இருந்த எதிர்ப்பொருள்களே அதற்குக் காரணம்.

மற்றொன்று அடக்கம். என்னை வியக்கவைத்தது இதுவே. சிவப்பணு வெடித்ததும் நம் வெள்ளணுக்கள் சினந்தெழுந்து சில வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன. அவற்றுள் ஒன்று, சுருக்கமாக டி.என்.எஃப். எனப்படுவது. நடுக்கமும் காய்ச்சலும் நம் உடல் மூட்டிய தீயினால் விளைபவை. அத்தீ கட்டுக்கு மீறினால் மூளைவரையிலும் கேடு பரவக்கூடும். ஆகவே தீயை மூட்டும் உடலே அதைத் தணிக்கும் நீரையும் வைத்திருக்கிறது. இன்டர்லூக்கின்-10 என்பது அத்தகைய பொருள். அது இல்லாதபடி வளர்க்கப்பட்ட எலிகளை மலேரியா மிகக் கடுமையாகத் தாக்குவதைச் சோதனைக்கூடங்களில் கண்டுள்ளனர். உகாண்டாவில் அடிக்கடி நோயுறும் குழந்தைகளிடம், தாக்கும் பொருளையும் தணிக்கும் பொருளையும் ஒருங்கே சுரக்கும் டி-அணுக்கள் மிகுந்திருப்பதைக் கண்டனர். தணிப்பு மிகுந்தால் ஒட்டுண்ணி தப்பிப் பிழைக்கும். குறைந்தால் நோயாளி துன்புறுவான். துலாக்கோலின் முள் நடுவில் நிற்பது எளிதன்று.

துலாக்கோல் இன்னும் நிறுவப்படாத மக்களிடம் இந்நோய் புகுந்தால் என்ன நேரும் என்பதற்கு இலங்கையைப் பார்க்கவேண்டும். 1934-இல் மழை பொய்த்து, மகா ஓயா முதலிய ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்கின. அக்குட்டைகளில் கொசு பெருகியது. காய்ச்சல் நிலையாகக் குடியிருந்த வறண்ட பகுதிகளைக் காட்டிலும், அதை அதிகம் அறியாத கேகாலை, குருநாகல் மாவட்டங்களே மிகுதியாக அழிந்தன. 1935 முடிவதற்குள் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். பின்னர் டி.டி.டி. மருந்தின் உதவியால் 1963-இல் அத்தீவில் 17 பேருக்கே நோய் கண்டது. ஆனால் கண்காணிப்புத் தளர்ந்தது. உடல்களோ பழைய பாடத்தை மறந்திருந்தன. 1968, 1969 ஆண்டுகளில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். மீண்டும் பாடுபட்டு, 2016-இல் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது.

நம் நாட்டிலும் அக்கதை நிகழ்ந்தது. 1976-இல் இந்தியாவில் 64 இலட்சம் பேருக்கு மலேரியா கண்டது. நம் புதுச்சேரியில் கொசு முதலிய நோய்பரப்பும் உயிரினங்களை ஆராயும் மத்திய நிலையம் நிறுவப்பெற்றது அதற்கு முந்திய ஆண்டிலேதான்.

அந்த 1976-இல் பாட்டனார் இராமேசுவரம் யாத்திரை சென்று வந்தார். வந்த பத்தாம் நாள் நண்பகலில் பல் கிட்டிக்கொண்டு நடுங்கினார். மூன்று கம்பளிகள் போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை. தொங்க்கின் மலைகளை விட்டு வந்து அப்பொழுது முப்பதாண்டுகளுக்கு மேலாகியிருந்தன. ஒன்றுவிட்டு ஒரு நாள் அதே நேரத்துக்குக் குளிர் வந்தது. இரத்தம் பார்த்துக் குளோரோகுவின் மாத்திரை கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்கிய அன்று, கஞ்சிக் கிண்ணத்தை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "மூன்றாம் வருஷம் நின்ற ஆள் நான்தானா என்று சந்தேகமாக இருக்கிறதடா" என்றார். அன்று நாங்கள் சிரிக்கவில்லை.