ரூஜ் வட்டாரத்தில் முருகைக்கற்பாறைகளும் சுழியோட்டமும்

ரூஜ், ரொறன்ரோ மாநகரின் வடகிழக்கு மூலையில், ஸ்காபரோவின் விளிம்பில் அமைந்த பகுதி. ரூஜ் ஆறு ஒன்ராறியோ ஏரியில் கலப்பது இங்கேதான். ஏரி நன்னீர், மாரியில் அதன் கரையோரம் உறையும். பாறை கட்டும் முருகைகளுக்கோ உப்புநீர் வேண்டும், ஏறக்குறைய 18 பாகை செல்சியஸுக்குக் குறையாத வெப்பம் வேண்டும், அவற்றின் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகளுக்கு வெயிலும் வேண்டும். ஆகவே உயிருள்ள முருகைக்கற்பாறை இங்கு இயற்கையாக இல்லை. முருகைவாழ் மீன்களைக் காண விரும்புவோருக்கு, 1974இல் திறக்கப்பட்ட ரொறன்ரோ விலங்குக்காட்சிச்சாலை ரூஜிலேயே உள்ளது. அதன் அவுஸ்திரலேசியக் கூடத்தில் கடல்நீர்த் தொட்டிகள் உண்டு.

அதற்காக ஒன்ராறியோவை முருகை அறியாத மண் என்று எண்ணிவிடக் கூடாது. ரூஜின் நிலத்தடிப் பாறை சுமார் 45 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் சேறாகப் படிந்தது. அப்போது இந்நிலம் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே, வெப்பவலயத்தில் கிடந்தது. பின்னர் சைலூரியன் காலத்தில், தெளிந்த ஆழமற்ற கடலில் முருகைகள் பெருகிப் பாறை கட்டின. நயாகரா மலைச்சரிவின் உச்சியில் இன்று காணும் டொலமைட் கல் அக்கடலின் எச்சம். அதே கல் வடக்கே சுமார் 300 கிலோமீற்றர் தொலைவிலுள்ள ரோபர்மோரியில் ஹூரன் ஏரிக்குள் இறங்குகிறது. சுழியோடிகள் கூடும் ஃபாதம் ஃபைவ் தேசிய கடற்பூங்கா (1987) அங்கேதான். அந்த நீரடிச் சுவரை ஒட்டி நீந்துபவர் பழைய கடலொன்றின் அடித்தளத்தையே தொட்டுச் செல்கிறார்.

இக்கற்களில் தேன்கூட்டு முருகையும் சங்கிலி முருகையும் அடையாளம் காண எளியவை. சங்கிலி முருகையின் வெட்டுமுகத்தில் நீள்வட்டக் கண்ணிகள் ஒன்றோடொன்று கோத்து வளைந்தோடும். ஒவ்வொரு கண்ணியும் ஒரு சிற்றுயிர் இருந்த குழாய். இந்த இனங்கள் அடியோடு அழிந்துவிட்டன. திருகோணமலைப் புறாத்தீவைச் சூழ்ந்த இன்றைய முருகைகள் இவற்றின் வழித்தோன்றல்கள் அல்ல. பிற்காலத்தில் தனியே தோன்றிய வேறொரு குலம்.

அத்தீவை ஒட்டிய நிலாவெளிக் கடலில் நீந்திப் பழகியவருக்கு ஹூரன் ஏரி வேறு உலகம். கோடையிலும் ஆழத்தில் நீர் 4 பாகை அளவிலேயே நிற்கும். தடித்த உடையோ, நீர்புகா உலர் உடையோ இன்றி இறங்கலாகாது. நன்னீரின் அடர்த்தி கடல்நீரைவிட ஏறத்தாழ 2.5 விழுக்காடு குறைவு. அதனால் உடையும் கருவியும் ஒன்றாக இருந்தால், கடலில் கட்டிய ஈய எடையில் இரண்டு கிலோ அளவு கழற்ற வேண்டிவரும்.

ஏரி நன்னீராக இருப்பதால் ஒரு நன்மையும் உண்டு. மரத்தைத் துளைக்கும் கப்பற்புழு இங்கு வாழாது. 1885இல் மூழ்கிய ‘ஸ்வீப்ஸ்ரேக்ஸ்’ பாய்க்கப்பலின் உடற்பகுதி பிக் ரப் துறையில் ஆறேழு மீற்றர் ஆழத்தில் இன்றும் உருக்குலையாமல் கிடக்கிறது. 1980களில் வந்தேறிய வரிச்சிப்பிகள் நீரை வடிகட்டித் தெளிவாக்கினாலும், அவை கப்பல்களின் மேல் அடையாக ஒட்டிக்கொள்வது பெரிய இழப்பு.

ஃபாதம் ஃபைவில் சுழியோடுவோர் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். அங்கும் ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவிலும் உயிர்ச்சுவடு பதிந்த கல்லை எடுத்துச் செல்வது சட்டவிரோதம். கண்டால் படமெடுத்துவிட்டு, இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.