நோயாளிக்குத் தைத்த நீல உடுப்பு

நம்ம கூட்டமைப்பில் தையல் மெஷின் மிதிக்கிறவங்க நிறைய பேர். அதனால தையல் சம்பந்தப்பட்ட ஒரு பழைய வரலாற்றை எழுதுகிறேன்.

1914 முதல் 1918 வரை முதல் உலகப் போர் நடந்தது. அப்போ நம்ம புதுக்கோட்டை தொண்டைமான் மன்னர் ஆண்ட சமஸ்தானம். இந்தியாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் அதிகமானவர்கள் கடல் தாண்டிப் போனார்கள். எழுபதாயிரம் பேருக்கு மேல் திரும்பி வரவில்லை. காயம்பட்டவர்களுக்காக சென்னை மாகாண மக்கள் நன்கொடை போட்டு ‘மெட்ராஸ்’ என்ற ஆஸ்பத்திரிக் கப்பலையே அனுப்பினார்கள். இங்கிலாந்தில் பிரைட்டன் ஊர் அரண்மனை நம்ம சிப்பாய்களுக்கு ஆஸ்பத்திரி ஆனது. சாதி, மதம் பார்த்துச் சமைக்க அங்கே 9 அடுப்படி இருந்ததாம்.

பதுங்குகுழியில் கிடந்தவன் உடுப்பில் சேறு, ரத்தம், பேன். அதைக் கழற்றிவிட்டு சுத்தமான உடுப்பு கொடுக்கணும். இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு நீலக் கோட்டு, நீலக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, சிவப்பு டை கொடுத்தார்கள். உடம்பு தேறி வெளியே போனாலும் அதைத்தான் போடணும். நீல உடுப்புக்காரனுக்குச் சாராயக் கடையில் ஊற்றக் கூடாது என்று சட்டம்.

அந்த உடுப்பால ஒரு நன்மையும் இருந்தது. பட்டாளத்துக்குப் போகாத ஆம்பளை என்று நினைத்தால், தெருவில் பெண்கள் வெள்ளை இறகைக் கையில் கொடுத்து அவமானப்படுத்துவார்கள். நீல உடுப்பைப் பார்த்தால், போரில் அடிபட்டவர் என்று மரியாதை கொடுத்தார்கள்.

குறையும் இருந்தது. அளவு சரியாக இருக்காது. கால்சட்டை நீளமாகி, மடித்துவிட்டால் உள்ளே இருக்கும் வெள்ளைத் துணி தெரியும். பல உடுப்புகளில் பாக்கெட்டே கிடையாது. வீட்டிலிருந்து வந்த கடுதாசியை எங்கே வைப்பான்? அதிகாரிகளுக்கு மட்டும் இந்த உடுப்பு கட்டாயமில்லை. நோய் எல்லாருக்கும் ஒன்றுதான், உடுப்பில் மட்டும் பெரியவன் சின்னவன்.

அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரிக்குச் சட்டையும் கட்டுத்துணியும் ஊர் ஊராகப் பெண்கள் கூடி உட்கார்ந்து தைத்தார்கள். அவர்களில் பலர் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. 2020இல் கொரோனா வந்தப்போ தமிழ்நாடு முழுக்க குழுப் பெண்கள் முகக்கவசம் தைத்தோமே, அதுவும் அதே வேலைதான். அதையாவது நாம எழுதி வைக்கணும்.

நாளைக்கு ஆஸ்பத்திரி உடுப்பு தைக்கிற ஆர்டர் நமக்கு வந்தால், அளவு பார்த்துத் தைப்போம். ஒரு பாக்கெட்டும் வைப்போம். போடப்போறவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே.