யோர்தான் கரைச் சிங்கம்



'வேதாகமத்தின் ஆற்றங்கரையில் மனிதன் கண்டது ஆறுதலா, அச்சமா?' இதுதான் தலைப்பு. நண்பர் ஆறுதல்னு பேசிட்டுப் போனார். 42-ஆம் சங்கீதத்து மானைக் கூட்டிட்டு வந்தார், தண்ணி காட்டினார். 23-ஆம் சங்கீதத்து மேய்ப்பனைக் கூட்டிட்டு வந்தார், ஆடுகளைப் படுக்க வச்சார். கேட்டுக்கிட்டு இருந்த எனக்கே கண்ணைச் சொக்கிடுச்சு. (சிரிப்பு)

ஆனால் நடுவர் அவர்களே, அந்த மேய்ப்பன் கையிலே கோலும் தடியும் எதுக்கு? அதே சங்கீதத்திலேதானே இருக்கு? சவுல் ராஜா முன்னால் நின்ற இளைஞன் தாவீது என்ன சொன்னான்? சிங்கமும் கரடியும் வந்து என் தகப்பனார் மந்தையில் ஆட்டைக் கவ்விக்கிட்டுப் போச்சு, துரத்திப் போய் அடிச்சேன்னு சொன்னான். தண்ணீர் இருக்கிற இடத்துக்கு ஆடு வரும். ஆடு வருகிற இடத்துக்குச் சிங்கம் வரும். நண்பர் ஆட்டோடு நிறுத்திக்கொண்டார். மீதியைச் சொல்லத்தான் நான் வந்திருக்கேன். (கைதட்டல்)

முதலில் அந்த ஆற்றைப் பாருங்கள். எர்மோன் மலையடியில் பிறந்து, கலிலேயாக் கடலுக்குள் புகுந்து வெளியே வந்து, சவக்கடலில் போய் முடிகிறது யோர்தான். கலிலேயாவுக்கும் சவக்கடலுக்கும் நேராக அளந்தால் சுமார் 105 கிலோமீட்டர். ஆறு ஓடுகிற தூரமோ 200 கிலோமீட்டருக்கு மேலே! அவ்வளவு நெளிவு. 1848-இல் வில்லியம் லிஞ்ச் என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரி படகில் இந்த வழியே போய்ப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். அந்த நெளிவுகளை ஒட்டி, இருபுறமும் தாழ்ந்த ஒரு வெள்ளச் சமவெளி. அரபு மொழியில் 'ஸோர்' என்பார்கள். மேலே வெயிலில் மண் வறண்டு கிடக்கும். கீழே இந்த ஸோரில் மட்டும் ஆள் உயரத்துக்கும் மேலே நாணல், சவுக்கு மாதிரி இலை உள்ள புதர்மரங்கள், பாப்ளர் மரங்கள். உள்ளே புகுந்தால் பக்கத்தில் நிற்பவன் தெரியமாட்டான்.

எலிசா தீர்க்கதரிசியின் சீடர்களுக்கு இருக்கிற இடம் போதவில்லை. வீடு கட்ட மரம் வேணும்னு எங்கே போனார்கள்? யோர்தானுக்கு. அங்கே ஒருத்தன் கோடரி ஆற்றில் விழுந்துபோச்சு. அதுவும் இரவல் கோடரி! ('ஐயோ, இரவல் வாங்கினதாச்சே'ன்னு அவன் பதறுவதைப் படிக்கும்போதெல்லாம் நம்ம பக்கத்து வீட்டு ஏணி எனக்கு ஞாபகம் வரும்.) (சிரிப்பு) எல்லோரும் கோடரி மிதந்த அற்புதத்தைப் பேசுவார்கள். நான் பார்ப்பது அந்த மரத்தை. உத்தரத்துக்கு மரம் கிடைக்கிற அளவுக்கு அந்தக் கரையிலே காடு இருந்திருக்கிறது.

அந்தக் காட்டுக்கு எபிரேய மொழியில் ஒரு பெயர் உண்டு. 'கெஓன் ஹய்யார்தேன்'. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'யோர்தானின் பெருமை'. 1611-இல் வந்த ஆங்கில வேதாகமம் எரேமியாவில் இதை ஆற்றின் பெருக்கு என்று எடுத்துக்கொண்டது. நம்ம பழைய தமிழ் வேதாகமமும் பிரவாகம் என்றே கொண்டது. அறுவடைக் காலத்தில் யோர்தான் கரைபுரண்டு ஓடும்னு யோசுவா புத்தகத்திலேயே இருப்பதால், அதைத் தப்பு என்று ஒரேயடியாகத் தள்ள முடியாது. ஆனால் இன்றைய அறிஞர்களில் பலர் 'வெள்ளம் இல்லை, கரையை மூடிக்கிடந்த அடர்காடு' என்கிறார்கள். என் மனசும் காட்டுப் பக்கம்தான். ஏன்? எரேமியாவில் மூன்று இடம், சகரியாவில் ஒரு இடம், ஆக நான்கு இடத்தில் இந்தச் சொல் வருகிறது. அதில் மூன்றில் பக்கத்திலேயே சிங்கம் நிற்கிறது! (கைதட்டல்)

சிங்கத்துக்கு அவர்களிடம் எத்தனை பேர் தெரியுமா? அரி, கெஃபீர், லாவி, லயிஷ், ஷகல்... எபிரேய வேதத்தில் சுமார் 150 இடங்களில் சிங்கம் வருகிறது. நம்ம தமிழிலும் அரி என்றால் சிங்கம். உடனே உறவு கொண்டாடக் கிளம்பிடாதீங்க, நம்ம அரி வடமொழி வழியாக வந்தது. ஒலி ஒற்றுமை, அவ்வளவுதான். ஆனால் ஒரு மிருகத்துக்கு இத்தனை பெயர் எப்போ வரும்? தினம் தினம் அதை நினைச்சுப் பயந்தவனுக்குத்தானே வரும்?

ஆனதோத்து ஊர்க்காரர் எரேமியா. சொந்த ஊர்க்காரனே தன் உயிருக்கு உலை வைக்கிறான். 'கெட்டவன் நல்லா இருக்கானே, இது நியாயமா?'ன்னு கடவுளிடம் வழக்காடுகிறார். ஆறுதல் கிடைத்ததா? இல்லை. காலாட்களோடு ஓடியே களைச்சுப் போனவன் குதிரைகளோடு எப்படி ஓடுவே, அமைதியான நாட்டிலேயே தடுமாறுகிறவன் யோர்தான் காட்டுக்குள்ளே என்ன செய்வே என்ற பொருளில் பதில் வருகிறது. அழுதுகொண்டு வந்தவனுக்கு ஆற்றங்கரையைக் காட்டி, 'இதைவிடப் பெரிசு இருக்கு'ன்னு சொன்ன பதில். அந்தக் காலத்தில் கேட்டவனுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. யோர்தான் காடு என்றாலே முதுகு சில்லிட்டிருக்கும்.

நண்பர் எழுந்து கேட்பார்: 'ஐயா, அப்போ அந்தச் சிங்கம் ஒழிந்தது நல்லதுதானே?' இங்கேதான் நான் சகரியாவைக் கூப்பிடுகிறேன். பதினோராம் அதிகாரம், மூன்றாம் வசனம். மேய்ப்பர்கள் அலறுகிறார்கள், அவர்களுடைய மேன்மை அழிந்துபோச்சு. அதே வசனத்தில் பாலசிங்கங்கள் கர்ஜிக்கின்றன, யோர்தானின் பெருமை பாழாய்ப் போச்சு. ராஜ்யங்களின் வீழ்ச்சியை உருவகமாகச் சொல்கிறார் என்று உரைகாரர்கள் சொல்வார்கள். இருக்கட்டும். உருவகத்துக்கும் ஒரு கண் வேணுமில்லையா? மேய்ப்பனும் சிங்கமும் ஜென்மப் பகை. அந்த இரண்டு பேரையும் ஒரே வசனத்தில் உட்கார வைத்து அழவிட்டிருக்கிறார் அந்த மனிதர்! காடு போனால் சிங்கத்துக்கும் வீடு போச்சுன்னு பயந்தவனுக்குத் தெரிந்திருக்கிறது. (நீண்ட கைதட்டல்)

104-ஆம் சங்கீதத்தைப் பாருங்கள். ராத்திரியானால் சிங்கம் இரை தேடப் புறப்படும். சூரியன் உதித்தால் அது குகைக்குத் திரும்பிடும், மனிதன் வேலைக்குக் கிளம்புவான். நம்ம மில்லில் ஷிப்ட் மாறுகிற மாதிரி! ஒரே நிலம், இரண்டு பேர், நேரம் மட்டும் வேற. இதை ஆறுதல் என்று நண்பர் எடுத்துக்கொள்வார். நான் சொல்கிறேன், ராத்திரி வெளியே போகக் கூடாதுன்னு தெரிந்தவன் எழுதிய பாட்டு அது.

இன்றைய ஜோர்தான் நாட்டில் மாதபா என்று ஒரு ஊர். அங்கே ஒரு தேவாலயத்தின் தரையில், ஆறாம் நூற்றாண்டில் சின்னச் சின்ன வண்ணக் கற்களைப் பதித்து வரைந்த நிலப்படம் இருக்கிறது. புனித நாட்டுக்குக் கிடைத்திருக்கிற மிகப் பழைய கல்பதிப்புப் படம். அதில் யோர்தான் ஓடுகிறது, மீன்கள் நீந்துகின்றன. ஒரு மீன் சவக்கடலின் உப்பை உணர்ந்து திரும்பி எதிர்நீச்சல் போடுகிறது. என்ன நுணுக்கம் பாருங்கள்! ஆற்றுக்குக் கிழக்கே ஒரு மான் ஓடுகிறது. அதைத் துரத்துவது சிங்கம். பிற்காலத்தில் உயிர்களின் உருவம் கூடாது என்று கருதியவர்கள் அந்தச் சிங்கத்தைக் கலைத்துவிட்டார்கள். இன்றைக்குப் போய்ப் பார்த்தால், மான் முழுசா ஓடிக்கொண்டிருக்கிறது. துரத்துகிற சிங்கத்தின் இடத்தில் குழம்பிப்போன கற்கள்தான்.

தரையில் கலைந்தது போலவே கரையிலும் கலைந்தது. சிலுவைப் போர்க் காலத்துக்குப் பிறகு அந்த நாட்டில் சிங்கம் மெல்ல மெல்ல இல்லாமல் போனது. ஆசியச் சிங்கம் இன்று காட்டில் வாழ்வது நம்ம குஜராத்தில் மட்டும்தான். 2025 கணக்கெடுப்பில் 891. ஆறு? 1964-இல் இஸ்ரேல் கலிலேயாக் கடலிலிருந்து பெரிய குழாய் வழியே தண்ணீரை எடுத்துப் போனது. ஜோர்தானும் சிரியாவும் யார்முக் துணையாற்றைக் கால்வாயிலும் அணையிலும் திருப்பிக்கொண்டன. கீழ் யோர்தானில் பழைய நீரோட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இன்று இல்லை. புனிதப் பயணம் போய்வந்த எங்க தெருப் பெரியவர் ஒருத்தர், "தம்பி, நம்ம வயல் வாய்க்கால் அகலம்தான் இருக்கு. முழங்கால் நனைய இறங்கிட்டு வந்தேன்" என்றார். சிங்கம் போனதாலே தண்ணி போச்சுன்னு நான் சொல்ல வரலை, சொன்னால் நடுவர் மணி அடிச்சிடுவார். பயந்து ஒதுங்கி நின்ற காலத்தில் அந்தக் கரைக்கு ஒரு பெருமை இருந்தது. பயம் விட்டுப்போன பிறகு குழாய் போட்டோம்.

நடுவர் மணியைக் கையில் எடுத்துட்டார். ஒரே ஒரு நிமிஷம். யோர்தானில் ஞானஸ்நானம் பெற்று எழுந்த இயேசு நாற்பது நாள் வனாந்தரத்தில் இருந்தார். அங்கே காட்டு மிருகங்களின் நடுவே இருந்தார் என்று மாற்கு மட்டும் எழுதுகிறார். மத்தேயு எழுதவில்லை, லூக்கா எழுதவில்லை. மிருகங்கள் உறுமினவா, காலடியில் படுத்தனவா? மாற்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லலை. ஆறுதல் என்று நண்பர் எடுத்துக்கொள்ளலாம். யோர்தான் கரையிலே வளர்ந்தவன் அந்த வரியைக் கேட்டால் முதலில் என்ன நினைத்திருப்பான் என்பதை மட்டும் நடுவர் அவர்கள் யோசித்துத் தீர்ப்புச் சொல்லட்டும்.

 (கைதட்டல்)