தெளிநீரில் குடியேறிய மீன்

நுவரெலியாவைச் சூழ்ந்த ஓடைகளில் டிரவுட் என்னும் மீன் இயற்கையாக வாழ்ந்ததில்லை. 1869 இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்து, அதன் இடத்தைத் தேயிலை கைப்பற்றிக்கொண்டிருந்த காலத்திலேயே அது இலங்கை மலைநாட்டுக்கு வந்தது. தங்கள் நாட்டுப் பூச்செடிகளையும் காய்கறிகளையும் இங்கு நாட்டிய தோட்டத்துரைமார், தங்கள் பொழுதுபோக்குக்குரிய மீனையும் விட்டுவைக்கவில்லை.

மீனையன்று, முட்டையையே கொண்டுவந்தனர். கருவுற்ற முட்டைகளை ஈரப்பாசியில் பொதிந்து, பனிக்கட்டியின் குளிர்ச்சியில் வைத்தால் அவை பொரியாமல் நெடுநாள் உயிரோடிருக்கும். 1864 இல் ‘நோர்போக்’ என்னும் கப்பல் இம்முறையிலேயே டாஸ்மேனியாவுக்கான முட்டைகளைக் கொண்டுவந்தது. இலங்கைக்குப் பழுப்பு டிரவுட் 1882 இல் வந்தது. புகையிரதம் நானு ஓயாவை எட்டியதோ 1885 இல்தான். ஆகவே அந்த முதற் பெட்டிகள் பயணத்தின் கடைசிப் பகுதியை மலைப்பாதை வழியாகவே கடந்திருக்க வேண்டும். வெயில் ஏறுமுன் நுவரெலியாவை அடைய வேண்டிய அவசரச் சுமை அது!

பழுப்பு மீன் பிழைத்தது. ஆனால் எதிர்பார்த்தபடி பெருகவில்லை. 1889 இல் வட அமெரிக்காவின் பசிபிக் கரையைத் தாயகமாகக் கொண்ட வானவில் டிரவுட் கொண்டுவரப்பட்டது. இது நம் குளிரோடைகளில் வேரூன்றிவிட்டது. 1896 இல் இலங்கை மீன்பிடிக் கழகம் அமைந்தது. பின்னர் நீலகிரி நீர்நிலைகளுக்கும் இங்கிருந்து வானவில் டிரவுட் முட்டைகள் சென்றன.

இம்மீனைப் பிடிக்கக் கற்பவன் முதலில் கற்கவேண்டியது தூண்டில் வீசுவதை அன்று, மறைந்து நிற்பதை. தெளிந்த நீரில் மனிதன் மீனைக் காணுமுன் மீன் மனிதனைக் கண்டுவிடுகிறது. நீருக்குள்ளிருந்து பார்க்கும் மீனுக்கு வெளியுலகம், தலைக்கு மேலுள்ள ஒரு வட்டச் சாளரத்தின் வழியே தெரியும். கரையில் குனிந்து நிற்பவனின் உருவம் அவ்வட்டத்தின் விளிம்பில் ஒடுங்கிவிடும். நிமிர்ந்து நிற்பவன் முழுமையாக அகப்பட்டுக்கொள்வான். நீரோட்டம் இரையைக் கொண்டுவருவதால் டிரவுட் ஓட்டத்தை எதிர்நோக்கியே நிற்கும். எனவே பின்புறமாக, கீழிருந்து மேலாக நடத்தல் வேண்டும். நிழல் நீரில் விழலாகாது, காலடியும் அதிரலாகாது. நூல் மெல்லியதாக இருத்தல் நன்று. இறகும் நூலும் சேர்த்துக் கட்டிய பொய் ஈயை மீனுக்குச் சற்று மேலே இறக்கி, ஓட்டத்தோடு தானாக மிதந்துவர விடவேண்டும். ஓட்டத்திற்கு மாறாக இழுபடும் ஈயை மீன் நம்புவதில்லை. அவசரக்காரனுக்கு இது ஏற்ற தொழிலன்று.

துரைமாருக்கு விளையாட்டுக் களமாகிய ஓடையே லயத்து மக்களுக்குக் குடிநீரும் குளிநீருமாக இருந்தது. கொழுந்துக் கூடையை இறக்கியபின் பொய் ஈ கட்ட அவர்களுக்குப் பொழுதேது?

வந்தேறிய மீனுக்கு வேறொரு கணக்கும் உண்டு. ஏறத்தாழ 7,000 அடி உயரமுள்ள ஹோர்ட்டன் சமவெளியின் குளிர்நீரில், உலகில் வேறெங்கும் காணப்படாத சிறு நன்னீர் இறால் இனமொன்று வாழ்கிறது. பூச்சியையும் இறாலையும் தின்னும் டிரவுட்டுக்கு அது எளிய இரை. 1988 இல் அச்சமவெளி தேசியப் பூங்காவாயிற்று. 2010 இல் உலக மரபுரிமைப் பகுதியிலும் இடம்பெற்றது. துரைமார் போய்விட்டனர். அவர்கள் விட்ட மீனோ, எவரும் முட்டை இடாமலே அங்கு தானாகப் பெருகி, அந்த இறால் வாழும் நீரிலேயே நீந்துகிறது.